அக்காவின் லேப்டாப்பும் எட்டு வருட வினாத்தாள்களும்

பொங்கல் முடிந்து இரண்டு நாள் இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் அக்கா போன் செய்தாள். "ஏல, லேப்டாப்புல டிக் டிக்குனு ஒரு சத்தம் கேக்கு, ஸ்கிரீன் கருப்பாவே நிக்கி, என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். போனை லேப்டாப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். டிக்… டிக்… டிக்… ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் அதே மூன்று. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

"பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சிரு, அக்கா. நான் வர்ற வரைக்கும் திரும்பப் போடாத. யார் கேட்டாலும் போட்டுக் காட்டாத" என்றேன். அணைத்துவிட்டாள். எட்டு வருட உழைப்பைக் காப்பாற்றியது அந்த ஒரு காரியம்தான். நான் பிறகு செய்தது எல்லாம் அதற்கு அடுத்தது.

அக்கா பாளையங்கோட்டையில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியை. அந்த லேப்டாப் 2017இல் சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியது. ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில்தான் அவள் தயாரித்த வினாத்தாள்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கென்று தனியாகத் தட்டச்சு செய்த குறிப்புகள், மதிப்பெண் பட்டியல்கள், அப்பா இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. பென் டிரைவில் ஏதாவது நகல் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்தது ஒன்று இருக்கலாம், எங்கே என்று தெரியவில்லை என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அந்த டிஸ்க் ஆறு மாதமாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. லேப்டாப் ஆன் செய்துவிட்டு அவள் போய்க் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தால்தான் மவுஸ் அசையும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற இடத்தில் எப்போதும் 100 சதவீதம் என்று சிவப்பாக நிற்கும். அக்கம்பக்கத்தில் ஒரு கடையில் காட்டியபோது, ரொம்பப் பழசு, புதுசு வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க ஐந்து நிமிடம் கூட ஆகாது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தாலே மேலே நல்லது, எச்சரிக்கை, மோசம் என்று நிறத்தோடு காட்டிவிடும். அதை யாரும் செய்யவில்லை, நானும் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது செய்யவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

டிக் டிக் சத்தம் ஏன் வருகிறது என்று அக்கா கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளப்பான வட்டத் தகடு ஒன்றோ இரண்டோ சுழன்றுகொண்டே இருக்கும். லேப்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 90 சுற்று. தகட்டின் மேல் ஒரு சின்னக் கை நீண்டு, அதன் நுனியில் இருக்கும் ஹெட் காந்தப் பதிவுகளைப் படிக்கும். ஹெட் தகட்டைத் தொடாது, சுழற்சியில் எழும் காற்றின் மேல் மிதக்கும், நடுவில் இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். படிக்க வேண்டிய இடம் கிடைக்காமல் போனால் அந்தக் கை ஆரம்ப இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி தேடும், அப்படிப் போய்ப் போய்த் திரும்பும்போது எழுவதுதான் அந்த டிக். ஹெட் பழுதாகி இருந்தால் தகட்டையே உரசவும் செய்யும். உரசினால் பதிவு இருக்கும் பூச்சு பொடியாக உதிரும், அந்தப் பொடி மற்ற இடத்தையும் கெடுக்கும். அதனால்தான் அணைக்கச் சொன்னது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது, விண்டோஸ் தானாகக் கேட்கும் ரிப்பேர் வேலையை ஓட விடுவது, இவை இரண்டும் சாகக் கிடக்கும் டிஸ்க்கை இன்னும் அடிப்பது போல.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டி வாங்க. சுழலும் தகடு இல்லாமல் சிப்பிலேயே பதிந்து வைக்கும் டிஸ்க் அது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாய் விரியும் அந்தச் சந்துகளில் கிடைக்காத மின்னணுச் சாமான் கிடையாது. போகும் முன் ஒன்று பார்த்துக்கொண்டேன், அக்காவின் லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டு அதன் சர்வீஸ் கையேட்டைத் தேடி, உள்ளே எந்த வகை டிஸ்க் பொருந்தும் என்று. இதில்தான் நிறையப் பேர் தவறாக வாங்கி வந்துவிடுகிறார்கள். எஸ்எஸ்டி என்றால் ஒரே வகை இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே அப்படியே உட்காருவது 2.5 இன்ச் சாட்டா வகை, சாட்டா என்பது டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் பழைய முறை. சூயிங்கம் பட்டை போல நீளமாக இருப்பது எம்.2. 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம், அதனால் 2280 என்று எழுதியிருப்பார்கள். அந்த எம்.2 வடிவத்திலேயே சாட்டா ஒன்று, அதைவிடப் புதிய இணைப்பு முறையான என்விஎம்இ ஒன்று என இரண்டு உண்டு, பார்க்க ஒன்று போலவே இருக்கும், சாட்டா மட்டும் ஏற்கும் இடத்தில் என்விஎம்இ வைத்தால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அக்காவுடையதில் எம்.2 இடமே கிடையாது, 2.5 இன்ச் மட்டும்தான், எனவே யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சாட்டாவின் உச்சமே நொடிக்கு 550 எம்பி அளவுதான், என்விஎம்இ அதைப் போலப் பல மடங்கு போகும் என்று ஒரு கடைக்காரர் ஆரம்பித்தார். உண்மைதான். ஆனால் வினாத்தாள் அடிக்கும் லேப்டாப்புக்கு அந்த மடங்கு வேண்டாம், அதன் சங்கடம் வேறு இடத்தில் இருந்தது.

அந்த இடம் எது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் வேகம் என்றால் நொடிக்கு எத்தனை எம்பி என்று மட்டுமே பார்க்கிறார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம், சாம்பார் வாளி ஒன்றே ஒன்று, அது வரிசை முழுக்கச் சுற்றி நம் இலைக்கு வர வேண்டும். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி, சராசரியாகப் பாதிச் சுற்று என்றால் ஐந்தரை. அதற்கு முன் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னொரு பத்துப் பன்னிரண்டு. ஆக இங்கொன்றும் அங்கொன்றுமாய்க் கிடக்கும் சின்னச் சின்ன துண்டுகளைப் படிக்கச் சொன்னால் நொடிக்கு அறுபதைத் தாண்டுவதே கஷ்டம். விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகளைத்தான். எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் எதுவும் இல்லை. பதிவுகள் சிப்பில் மின்னேற்றமாக இருக்கின்றன, எந்தத் துண்டைக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கிடைத்துவிடும். ஒவ்வோர் இலைக்கும் பக்கத்தில் ஒரு கிண்ணம் சாம்பார் வைத்துவிட்ட மாதிரி. மிகச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பழைய லேப்டாப்பை உலுக்கி எழுப்பிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நாண்ட் பிளாஷ் என்ற சிப் வகையை முதலில் யோசித்தவர் ஜப்பானில் தோஷிபாவில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா. 1987இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். நம் போன், பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றிலும் அதன் வாரிசுதான் இருக்கிறது.

480 ஜிபி ஒன்று வாங்கினேன், பில்லோடு சேர்த்து 2,900 ரூபாய். அன்றைய விலை அது, மெமரி விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைவிட 900 ரூபாய் குறைவாக, பெயரே கேள்விப்படாத பெட்டியில் 1 டிபி என்று ஒன்றை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். அப்படி வருபவற்றில் போலிக் கொள்ளளவு காட்டுபவை உண்டு, உள்ளே இருப்பது சின்ன சிப், வெளியே சொல்வது பெரிய எண். நிரம்பும்வரை ஒன்றும் தெரியாது, நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுத ஆரம்பிக்கும். தெரிந்த கம்பெனி, மூன்று வருடமாவது வாரண்டி, சீரியல் எண் எழுதிய பில், இந்த மூன்றும் போதும். கூடவே ஒரு சாட்டா–யுஎஸ்பி கேபிள், நல்ல நுனியுள்ள சின்ன ஸ்க்ரூ டிரைவர். என்னிடம் இருந்த 1 டிபி வெளி டிஸ்க்கையும் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்ட பென் டிரைவையும் பையில் வைத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை. அக்கா இட்லி எடுத்து வைத்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முதலில் லேப்டாப்பைத் திறக்கவில்லை. புதிய எஸ்எஸ்டியை மாட்டுவதும் விண்டோஸ் போடுவதும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், பழைய டிஸ்க்கின் உயிர் எத்தனை மணி நேரம் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அதிலிருந்து எடுப்பதுதான் முதல் வேலை.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்டை எழுப்பினேன். இது டிஸ்க்கில் எதையும் எழுதாமல் ராமிலேயே ஓடும், அதனால் பழைய டிஸ்க்கைத் தொட வேண்டிய தேவை வராது. டிஸ்க் ஒரு பத்து நொடி டிக் டிக் என்றுவிட்டு, நல்ல வேளையாக, சுழலத் தொடங்கி அடையாளம் காட்டியது. ஸ்மார்ட் என்று சொல்லப்படும் டிஸ்க்கின் சுயக் குறிப்பேட்டைப் பார்த்தேன். அதில் மூன்று வரிகள் முக்கியம். 5ஆம் எண் வரி, கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தானாகவே மாற்றிக்கொண்ட இடங்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. 198, படிக்கவே முடியாது என்று கைவிட்டவை. நல்ல டிஸ்க்கில் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அக்காவுடையதில் 5ஆம் வரியில் ஆயிரத்துக்கு மேல், 197இல் முந்நூறைத் தாண்டி இருந்தது.

இந்த நிலையில் கோப்புகளைச் சாதாரணமாக இழுத்து நகல் எடுக்கக் கூடாது. ஒரு கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் நகல் வேலை அங்கேயே நின்று அதே இடத்தை முட்டிக்கொண்டிருக்கும், டிஸ்க் அங்கேயே செத்தும் போகலாம். இதற்கென்றே குனு டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது, இலவசம். அது டிஸ்க்கை முழுசாக, கோப்பு என்று பார்க்காமல், முதல் செக்டார் (பதிவின் மிகச் சின்னத் துண்டு) முதல் கடைசி செக்டார் வரை ஒரே பெரிய படிமமாக, அதாவது டிஸ்க்கின் அச்சு அசல் நகலான ஒரே கோப்பாக எடுக்கும். கெட்ட இடம் வந்தால் முட்டாமல் தாண்டிப் போய்விடும், நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்.

அந்தக் குறிப்புக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கட்டாயம் வெளி டிஸ்க்கில் வைக்க வேண்டும், பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸின் மேசையில் வைத்தால் அது ராமில்தான் இருக்கும், கரண்ட் போனால் போயே போய்விடும். எங்களுக்குச் சரியாக மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்தது, அதுவும் உடனே அணைந்துவிட்டது. அக்கா முகம் வெளுத்துவிட்டது. அரை மணி கழித்து வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இன்னும் சில எச்சரிக்கை, பெரும்பாலும் திரும்பப் பெற முடியாத தவறுகள். எங்கிருந்து எங்கே என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலியான டிஸ்க்கை நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். எண்டர் தட்டும் முன் கொள்ளளவையும் மாடல் பெயரையும் அக்காவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, இரண்டு பேரும் ஒத்துப் பார்த்தோம். வெளி டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை அது தாங்காது, 500 ஜிபி படிமம் அங்கே ஏறவே ஏறாது, அது திரும்பப் பெறக்கூடிய தவறுதான் என்றாலும் பாதியில் நின்றால் டிஸ்க்கின் நேரம் வீணாகிறது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்டி4 ஆக இருக்கட்டும். மற்றொன்று, டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அந்த நானோமீட்டர் இடைவெளியில் ஈரம் படிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் அப்படியே. அதைத் தூசியே இல்லாத அறையில் திறக்கிறார்கள், நம் வீட்டுக் காற்றில் மிதக்கும் தூசு ஒன்றுக்கு அந்த இடைவெளி போதாது. டிஸ்க் சுழலவே இல்லை, அடையாளமே காட்டவில்லை என்றால் வீட்டில் எதுவும் செய்யாமல் தரவு மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுப்பதுதான் வழி. அதற்கு நிறையச் செலவாகும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

மாலைக்குள் பெரும்பகுதி வந்துவிட்டது. மிச்சத்தை இரவு முழுக்க ஓட விட்டோம். அக்கா இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்ததாகக் காலையில் சொன்னாள். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது 500 ஜிபியில் படிக்க முடியாமல் நின்றது 11 எம்பி. அதற்கு மேல் டிஸ்க்கை வருத்த வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். படிமத்தைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி திறந்து, அக்காவின் பெயரில் இருந்த ஃபோல்டரை முழுசாக எடுத்தேன். பிறகு ஒன்று ஞாபகம் வந்து திரும்பப் போய் எழுத்துருக்கள் ஃபோல்டரையும் எடுத்தேன். அதை எடுத்திருக்காவிட்டால் பாதி வேலை வீண்.

தமிழில் பல வருடமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது புரியும். அக்கா 2017இலிருந்து 2021 வரை எழுதியதெல்லாம் பாமினி எழுத்துருவில், கொஞ்சம் வானவில் ஔவையாரில். இவை யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் தரும் இன்றைய பொது முறைக்கு, முந்தைய வழி. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அது தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத புதிய விண்டோஸில் அதே கோப்பைத் திறந்தால் 'அம்மா' என்ற சொல்லே ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போகிற நிலை. எழுத்துருவை இணையத்தில் தேடி எடுக்கலாம் என்பீர்கள். எடுக்கலாம், ஆனால் ஒரே பெயரில் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பதிப்புகள் சுற்றுகின்றன, சில எழுத்துகள் மட்டும் இடம் மாறி நிற்கும். எந்தக் கணினியில் எழுதினோமோ அந்தக் கணினியில் இருந்ததை எடுத்து வைப்பதே நிம்மதி.

எல்லாம் வெளி டிஸ்க்கில் சேர்ந்து, அதைத் திறந்து பத்துப் பதினைந்து கோப்பைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்தேன். சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் போய்விடும். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அதே இடத்தில் செலோடேப் போட்டு ஒட்டினேன், ஏனென்றால் நீளம் ஒன்றுபோல் இருக்காது, நீளமானதைக் குட்டையானதின் இடத்தில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் துளைத்துவிடும். டிவிடி டிரைவைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்று தனியாக இருக்கும், அதைக் கழற்றி டிரைவை வெளியே இழுத்தால் அந்த இடுக்கில் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருந்தன. மூடியைப் பிரிக்கக் கத்தி வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும், ஓரமாகச் செலுத்தி மெதுவாக நகர்த்தினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும்.

மீதி எல்லாம் சுலபம். ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள் நான்கு ஸ்க்ரூவில் இருந்தது. அதைக் கழற்றி எஸ்எஸ்டியை அதே சட்டத்தில் வைத்து, அதே பக்கம் பார்த்து, இணைப்பியில் நேராகத் தள்ளினால் உட்கார்ந்துவிடும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7, எனவே கொஞ்சம் ஆடும் என்று தோன்றியது, சட்டத்தின் ஸ்க்ரூவே பிடித்துக்கொண்டது. கையில் எடுத்துப் பார்த்த அக்கா, "உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரில்ல இருக்கு" என்றாள். அவ்வளவு லேசு.

படிமத்தை அப்படியே புதியதில் இறக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். டிஸ்க் நன்றாக இருக்கும்போதே மாற்றுகிறவர்களுக்கு அது நல்ல வழி, எதையும் மறுபடி நிறுவ வேண்டாம். இங்கே அந்த 11 எம்பி எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறது என்று தெரியாது, விண்டோஸின் ஏதாவது ஒரு கோப்பில் இருந்தால் என்றைக்கோ ஒருநாள் காரணமே தெரியாமல் நிற்கும். பழையது 500, புதியது 480 என்பதால் பார்ட்டிஷனையும், அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியையும், குறுக்க வேண்டியிருக்கும். புதிதாகவே போட்டேன். மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே எடுத்து 8 ஜிபி பென் டிரைவில் போட்டு வைத்திருந்த விண்டோஸ் 10. உரிம எண்ணைக் கேட்ட இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன். லேப்டாப்போடு விண்டோஸ் வந்திருந்தால் அதன் உரிமம் மதர்போர்டில் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை, இணையம் கிடைத்ததும் தானாகவே ஏற்றுக்கொள்ளும். அப்படியே ஆனது. டிஸ்க் மாற்றினால் விண்டோஸ் தனியாக வாங்க வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் இதை நினைவில் வையுங்கள். 480 ஜிபி வாங்கி 447தானே காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று அக்கா கேட்டாள். இல்லை, தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

அழிக்கப்பட்ட இடங்கள் எவை என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வசதி விண்டோஸ் 7இலிருந்தே இருக்கிறது, அது இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டிஃப்ராக் வேலையை எஸ்எஸ்டியில் செய்ய வேண்டாம்.

பதினெட்டு நொடி. பட்டனை அமுக்கியதிலிருந்து மேசை தெரிந்து மவுஸ் அசையும்வரை. அக்கா போனில் நேரம் வைத்து மூன்று முறை அணைத்து அணைத்துப் பார்த்தாள். நான் எழுத்துருக்களைப் போட்டு, 2019ஆம் வருடத் திருப்புதல் வினாத்தாள் ஒன்றைத் திறந்தேன். முதலில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே வந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்ததும் தமிழாக நின்றது. 'கீழ்க்காணும் பாடலைப் படித்து' என்று அவளே சத்தமாக வாசித்தாள், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் இரண்டு மாதத்தில் 4 ஜிபி ராம் இன்னொன்று வாங்கிப் போட்டேன், காலியாக ஒரு இடம் இருந்தது. அதுவும் உதவியது, ஆனால் எஸ்எஸ்டி கொடுத்த மாற்றத்துக்குப் பக்கத்தில் வராது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, அந்த பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது என்பதால் நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்து வைத்திருக்கிறோம். அதுவும் முடிந்தால் லினக்ஸ் மின்ட்தான். பாமினி அதிலும் வேலை செய்கிறது, பார்த்துவிட்டேன்.

எஸ்எஸ்டி போட்டாயிற்று, இனி பயமில்லை என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்றாவது கத்தும். எஸ்எஸ்டி போகும்போது பெரும்பாலும் சத்தமே இருக்காது, நேற்று இருந்தது, இன்று கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதிலிருந்து மீட்பதும் கடினம், தவறுதலாக அழித்ததைக் கூட டிரிம் சுத்தமாகத் துடைத்துவிட்டிருக்கும். அதனால் 1 டிபி வெளி டிஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் அதில் ஒரு நகல் எடுக்கிறாள், வினாத்தாள் ஃபோல்டர் மட்டும் கூகுள் டிரைவிலும் ஏறுகிறது. எடுத்து முடித்ததும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்புவாள், 'எடுத்தாச்சு' என்று.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் நடக்கிறது. தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் நாம் இவ்வளவு தாமதிக்கிறோம் என்பது வருத்தம்தான். மாற்றுவது ஒரு சொடுக்கில் முடிகிற காரியம் இல்லை. பாமினியில் 'கெ' என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பை முதலில் அடித்து 'க'வைப் பிறகு அடிப்போம், யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னால். 'கொ' என்றால் இரண்டு பக்கத் துண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். இதை மாற்றிகள் சரியாகச் செய்துவிடுகின்றன. சங்கடம் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களில், எது ஆங்கிலம், எது பாமினி என்று வெறும் எழுத்தை மட்டும் பார்க்கும் மாற்றிக்குத் தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு தாளையும் அக்கா உட்கார்ந்து படித்துத் திருத்துகிறாள். இதுவரை எண்பது சொச்சம் முடிந்திருக்கிறது.

அந்த 11 எம்பியில் போனது என்ன என்று கேட்பீர்கள். விண்டோஸின் கோப்புகள் சில, பழைய பாடத்திட்டப் பிடிஎஃப் ஒன்று, அப்புறம் மருமகளின் காதுகுத்து வீடியோ. வீடியோ ஓடுகிறது, ஆனால் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி சேரும்போது குழந்தை அழுதுகொண்டிருக்கிறாள். சொந்தக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், யார் போனிலாவது அந்த நிமிடம் இருக்கும்.

பழைய டிஸ்க்கை எடைக்குப் போடவில்லை. நான் எடுத்த மாதிரியே யார் வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம், எட்டு வருடப் பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் அதில் இருக்கின்றன. அழித்து எழுதலாம் என்றால் கெட்ட இடங்களில் எழுதவும் முடியாது. உடைத்துத்தான் போட வேண்டும், ஆனால் வீடியோவின் அந்த நிமிடம் வேறெங்கும் கிடைக்காவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்கிறாள் அக்கா. இப்போது அது ஒரு பழைய துண்டில் சுற்றி, பீரோவில் மதிப்பெண் பதிவேடுகளுக்கு மேல் இருக்கிறது.